வில்லனைப் பிடித்துவிட்டால் தீவு தப்பிவிடுமா?

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மருத்துவர் படிக்க அனுமதித்ததும் முதலில் எடுத்தது உங்கள் நாவலின் கைப்பிரதியைத்தான். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காகக் காலநிலை மாற்றத்தைக் கருவாகக் கொண்டு ஒரு சாகசக் கதை எழுதப் போவதாக நீங்கள் சொன்னபோதே எனக்கு ஆர்வம் தொற்றிக்கொண்டது. படித்தபின் அது இன்னும் கூடியிருக்கிறது. சிறுவர்கள் மூவரும் படகில் தீவுக்குப் போய்ச் சேரும் அத்தியாயங்களைக் கீழே வைக்க மனம் வரவில்லை. ஆனால் முடிவைப் பற்றி உங்களிடம் மனம் விட்டுப் பேச வேண்டும்.

தொழிற்சாலை முதலாளியைச் சிறுவர்கள் கையும் களவுமாகப் பிடித்துக் காவல்துறையிடம் ஒப்படைத்ததும் தீவு தப்பிவிடுகிறது. கடத்தல்காரன் கதைக்கு இந்த முடிவு பொருந்தும். அவன் சிறைக்குப் போனால் கடத்தல் நின்றுவிடும். பூமியைச் சூடாக்கும் கார்பன் டை ஆக்சைடு வாயு அப்படிப்பட்டதல்ல. இன்றைக்கே புகைபோக்கியை அடைத்தாலும், முன்பே வெளியேறிய வாயுவில் கணிசமான பங்கு நூற்றாண்டுக் கணக்கில் காற்றிலேயே தங்கியிருக்கும். காற்றில் அதன் அளவு தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு ஏறக்குறைய 280 பங்காக இருந்தது, இன்று 420-ஐத் தாண்டியிருக்கிறது என்றால், அதில் ஒரு முதலாளியின் புகை மட்டுமல்ல, நம் எல்லோருடைய விளக்கும் வண்டியும் சேர்ந்தே இருக்கின்றன. இதைப் பள்ளியில் படித்துவிட்டு வரும் பிள்ளை உங்கள் கடைசிப் பக்கத்தை நம்பாது.

உங்கள் கதைக்குள்ளேயே இதைவிட நல்ல மர்மம் ஒன்று ஒளிந்திருக்கிறது. கடலாமை முட்டையிடும் காட்சியை ஒரே பத்தியில் கடந்துவிடுகிறீர்களே, அங்கேதான் எனக்கு நெஞ்சு படபடத்தது. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது, முட்டை புதைந்திருக்கும் மணலின் சூடு. ஏறக்குறைய 29 டிகிரி செல்சியஸில் இரண்டும் கலந்து பிறக்கும். சூடு அதற்கு மேல் ஏற ஏறப் பெண் குஞ்சுகளே பெருகும். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டின் வடபகுதியில் பிறந்த இளம் பச்சை ஆமைகளில் 99 விழுக்காடு பெண்களே என்று 2018-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

துப்பறியும் கதைக்கு வேறென்ன வேண்டும்? குஞ்சைக் கையில் எடுத்து எப்படித் திருப்பிப் பார்த்தாலும் ஆண் பெண் வேறுபாடு வெளியே தெரியாது. ஆகவே உங்கள் கதையின் சிறுமி, கம்பி முனையில் உணரி உள்ள வெப்பமானியை ஒரு கை ஆழத்துக்கு மணலுக்குள் இறக்கி, காலையும் மாலையும் எண்களை நோட்டில் குறித்து வரட்டும். அந்த எண் 30, 31 என்று ஏறும்போது படிக்கிற பிள்ளை தானே கணக்குப் போட்டு அதிர்ந்து போகும். விஞ்ஞானி மாமாவின் மூன்று பக்க விளக்கம் அப்போது தேவைப்படாது. வாரந்தோறும் நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்தப் பக்கங்களை அவர்கள் புரட்டித் தள்ளிவிடுவார்கள்.

சிறுவர்கள் செய்ய வேண்டிய வேலையும் அங்கேயே காத்திருக்கிறது. கூட்டின் மேல் நிழற்பந்தல் போடுவது, நீர் தெளிப்பது, முட்டைகளைச் சூடு குறைந்த இடத்துக்கு மாற்றுவது ஆகியவை ஆமைப் பொரிப்பகங்களில் உண்மையாகவே கையாளப்படும் வழிகள். மாற்றும்போது முட்டையைப் புரட்டிவிட்டால் உள்ளே இருக்கும் கரு இறந்துவிடக்கூடும். புயல் நெருங்கும் இருட்டு வேளையில், நூறு முட்டைகளை ஒவ்வொன்றாக, மேல்புறம் மேலேயே இருக்கும்படி ஏந்திச் செல்லும் அத்தியாயத்தை நீங்கள் எழுதினால் அது எந்தத் துரத்தல் காட்சிக்கும் குறையாது. முதலாளியையும் விட்டுவிட வேண்டியதில்லை. கரையோர மரங்களை வெட்ட வருகிறவனாக அவனை மாற்றிவிடுங்கள். மரநிழல் மணலைக் குளிர்விக்கும் என்பதால், அவனைத் தடுத்து நிறுத்தும் வெற்றி மெய்யான வெற்றியாகும். அதே சமயம், அந்த நிழல் உலகத்தின் சூட்டைத் தணிக்காது என்பதையும் கதை மறைக்கக் கூடாது. உலகைக் காப்பாற்றும் பாரத்தைப் பத்து வயதுத் தோளில் ஏற்றுவதும், காப்பாற்றியாகிவிட்டது என்று பொய் சொல்வதும் ஒன்றுபோலவே அநியாயம்.

அந்தக் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடத் திரும்பப் பல இனங்களில் இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். அவ்வளவு நீண்ட காத்திருப்பைச் சாகசம் ஆக்க முடியுமா என்று கேட்பீர்கள். சார்லஸ் டேவிட் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1958-இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கி, நிதி நின்றுபோகும் நிலை வந்தபோதும் விடாமல் போராடி, 2005-இல் மறையும் வரை தொடர்ந்தார்; இன்று அவருடைய மகன் ரால்ஃப் அந்தப் பணியைத் தொடர்கிறார். அந்தச் சிறுமியின் நோட்டை அடுத்த பருவத்தில் யார் எழுதப் போகிறார்கள் என்ற கேள்வியே உங்கள் கடைசி அத்தியாயமாகலாம்.

மாற்றி எழுதியதும் முதல் மூன்று அத்தியாயங்களையாவது அனுப்புங்கள். நூலகப் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டி, எந்த இடத்தில் அவர்கள் நெளிகிறார்கள், எந்த இடத்தில் அடுத்து என்ன என்று கேட்கிறார்கள் என்பதைக் குறித்து எழுதுகிறேன். வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்