80 சதவீதக் கணக்கு

அன்புள்ள கண்ணுவுக்கு,

செக் நாட்டு நோவே மெஸ்டோவில் நீ ஓட்டப்போகிற உலகக் கோப்பை மலைச் சைக்கிள் பந்தயத்தின் ஸ்டார்ட் லிஸ்ட் பார்த்தேன். உன் பெயர் அடியில் இருக்கிறது. வரிசைக்கு 8 பேர் என்றால் நீ நிற்கப்போவது கடைசி இரண்டு வரிசைகளில் ஒன்றில். உலகச் சைக்கிள் சங்கமான யூசிஐ கொடுக்கிற தரவரிசைப் புள்ளி குறைவாக வைத்திருக்கிற எல்லோருக்கும் இடம் அங்கேதான், அதற்காக முகம் வாட வேண்டாம். கணக்கு மட்டும் போட்டு வைத்துக்கொள்.

முதலில் போகிறவளின் முதல் சுற்று நேரத்தை எடுத்து, அதில் 80 சதவீதத்துக்கு மேல் நீ பின்தங்கினால் நடுவர் உன்னை ஓரங்கட்டி வெளியே அனுப்பிவிடுவார். அவள் சுற்று 11 நிமிஷம் என்று வை. 660 வினாடி. அதில் 80 சதவீதம் 528. கடைசிச் சுற்றுக்குள் நுழைந்துவிட்டவளை எடுக்க மாட்டார்கள். ஆகவே 5 சுற்றுப் பந்தயத்தில், முதல் 4 சுற்றுக்கும் சேர்த்து உன் கையில் இருப்பது 528 வினாடி. சுற்றுக்கு 132. இதுதான் உன் கைச்செலவுப் பணம். வெளியே எடுத்தாலும் எத்தனை சுற்று குறைவு என்று குறித்துப் பட்டியலில் இடம் கொடுப்பார்கள், ஆனால் முழுப் பந்தயம் ஓட்டி முடித்ததாகாது. இந்த மே மாதம் நீ முழுசாக முடித்துவிட்டு வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. எத்தனையாவது இடம் என்று கேட்க மாட்டேன்.

பெட்டியைப் பிரித்து மாட்டியதும் முதலில் ஹேங்கரைப் பார், கியர் மாற்றுகிற டீரெய்லரை ஃபிரேமோடு பிடித்திருக்கிற சின்னத் துண்டு அது. பின் சக்கரத்துக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, டீரெய்லரின் இரண்டு குட்டிப் பல்சக்கரமும் செயின் ஓடுகிற பல்லும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். விமானப் பெட்டியில் சைக்கிள் ஒருக்களித்துக் கிடந்தால் ஹேங்கர் உள்பக்கமாக இரண்டு மூன்று மில்லிமீட்டர் வளையும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. நடு கியரில் ஒழுங்காகவே ஓடும். ஏற்றத்தில் பெரிய 51 பல் சக்கரத்துக்குப் போட்டவுடன் டீரெய்லர் ஸ்போக்குக்குள் போய்விடும். அத்தோடு டீரெய்லர், ஹேங்கர், நாலைந்து ஸ்போக், பந்தயம் எல்லாம் போச்சு. உன் ஃபிரேமுக்கான ஹேங்கர் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று உன் பையில், இன்னொன்று பாதையோரம் ரிப்பேருக்கு ஒதுக்கிய டெக் ஸோனில் நிற்கிற மெக்கானிக் கையில். அங்கே கடையில் கிடைக்கும் என்று நம்பாதே, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அது வேறு வேறு.

அடுத்தது பிரேக் டிஸ்க். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, டிஸ்கைக் கவ்வுகிற காலிப்பருக்குப் பின்னால் வெள்ளைக் காகிதம் பிடித்துப் பார். பிரேக் பேடுக்கும் டிஸ்குக்கும் நடுவே தெரிகிற வெளிச்சம் ஒரே அளவாக இருக்க வேண்டும். விட்டு விட்டு மறைந்தால் டிஸ்க் வளைந்திருக்கிறது. செயின் தொட்ட கையோடு டிஸ்கைத் தொடாதே.

அந்த ஊர் மழைக்கு உலோகத் தூளால் செய்த சின்டர்டு பேடு போடு. நீ இங்கே போடுகிற ஆர்கானிக் பேடு சத்தமில்லாமல் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஈரமும் மண்ணும் சேர்ந்தால் பயிற்சி நாள் ஒன்றிலேயே தேய்ந்து தகடு தெரியும். புதுப் பேடு போட்டதும் சமதரையில் ஓரளவு வேகம் எடுத்து, முழுசாக நிற்காமல் நடைவேகத்துக்குக் குறை. இதையே 20 தடவை செய். முன்னுக்கு 20, பின்னுக்கு 20. நின்றுவிட்டால் சூடான பேடு ஒரே இடத்தில் ஒட்டிப் படிந்து, அப்புறம் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அதிரும்.

காத்து விஷயத்தைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், ஏனென்றால் எப்போதும் அங்கேதான் கோட்டை விடுகிறாய். உன் 52 கிலோவுக்கும் 2.4 இன்ச் டயருக்கும் காத்து அழுத்தம் முன்னால் 17 பவுண்ட், பின்னால் 19. ஆனால் 22 டிகிரி அறைக்குள் வைத்த 17, வெளியே 9 டிகிரியில் கிட்டத்தட்ட ஒன்றரை பவுண்ட் இறங்கிவிடும். கோயம்புத்தூரில் இது உனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அங்கே ஹோட்டல் அறையில் காத்து வைத்துவிட்டுக் கிளம்பினால் 15.5-ல்தான் ஓட்டுவாய், முதல் கல்லிலேயே ரிம் அடிபடும். சைக்கிளை வெளியே அரைமணி நேரம் நிறுத்திவிட்டு அப்புறம் அள. காத்து அளக்க நம் கேஜையே கொண்டு போ. இரவல் கேஜ் ஒன்று இரண்டு பவுண்ட் மாற்றிக் காட்டும். 80 பவுண்ட் டயரில் அது ஒன்றுமில்லை, 17-ல் அது பெரிய விஷயம். மழை பிடித்தால் இரண்டிலும் ஒரு பவுண்ட் குறைத்துக்கொள். அதற்கு மேல் குறைத்தால் வளைவில் டயர் ஓரம் ரிம்மை விட்டுக் கழன்று புஸ்ஸென்று காத்து விடும்.

ஓட்டை விழுந்தால் அடைக்க டயருக்குள் ஊற்றுகிற சீலன்ட் பழசு. இங்கே போட்டு மூன்று மாசம் ஆயிற்று, நம் வெயிலுக்கு உள்ளே பால் வற்றி ரப்பர் தோல்தான் மிஞ்சியிருக்கும். அங்கே போனதும் டயருக்கு 100 மில்லி புதுசாக ஊற்று.

நோவே மெஸ்டோவில் 2011 முதல் உலகக் கோப்பை நடக்கிறது, 2016-ல் உலக சாம்பியன்ஷிப்பும் அங்கேதான். பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த பயாத்லான் பந்தய மைதானத்திலிருந்து கிளம்பி ஊசியிலைக் காட்டுக்குள் போகிற பாதை. அந்தக் காட்டில் உனக்கு எதிரி வேர். நம் செம்மண் சரிவில் வளைவுக்கு நடுவிலேயே பிரேக் பிடித்து ஓட்டிப் பழகியிருக்கிறாய். காய்ந்த மண் அதைப் பொறுத்துக்கொள்ளும். ஈரமான வேர் பொறுக்காது. வேருக்கு முன்னாலேயே பிரேக்கை முடித்துவிடு. வேர் மேல் சக்கரம் இருக்கும்போது இரண்டு விரலும் லீவரில் சும்மா இருக்கட்டும், பெடல் மிதிக்காதே, ஹேண்டிலைத் திருப்பாதே. வேர் சாய்வாகக் கிடந்தால் முன் சக்கரம் அதோடே சறுக்கிக்கொண்டு போகும், அதனால் முடிந்தவரை நேர்க்குறுக்காகக் கடக்கிற மாதிரி லைன் எடு.

முதல் பயிற்சிச் சுற்றில் வேகமே வேண்டாம். கஷ்டமான இடம் ஒவ்வொன்றிலும் இறங்கி, மேலே நடந்து போய், திரும்பிக் கீழே பார். கஷ்டமான லைனுக்குப் பதிலாகச் சுற்றிப் போகிற சுலபமான பி-லைன் இருக்கிற இடத்தில் வாட்சில் லேப் பட்டனைத் தட்டி இரண்டையும் அள. பி-லைன் 4 வினாடி அதிகம் என்றால் 4 சுற்றுக்கு 16 வினாடி. உன் 528-ல் 16 ஒன்றுமே இல்லை. தடுமாறுகிற இடத்தில் தயங்காமல் பி-லைனில் போ, அதை யாரும் கேலியாகப் பார்க்க மாட்டார்கள். பந்தயத்துக்கு முந்தின சாயங்காலம் இன்னொரு தடவை நடந்து பார்த்துவிடு. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெரிய பாறை இறக்கத்தில் பயிற்சியின்போது பலகை போட்டிருந்தார்கள், பந்தயத்தன்று அது இல்லை. இருக்கும் என்று நினைத்துப் போன மாத்யூ வான் டெர் போல் தலைகுப்புற விழுந்தார். அப்பேர்ப்பட்ட ஓட்டுநருக்கே அந்தக் கதி.

ஸ்டார்ட்டில் உனக்கு முன்னால் பெரிய கூட்டம். பாதை குறுகுகிற முதல் இடத்தில் எல்லோரும் காலை ஊன்றி நிற்பார்கள். நீ எவ்வளவு பலமாக மிதித்தாலும் அந்த நெரிசலில் 40, 50 வினாடி போவது போவதுதான். ஆகவே முதல் ஒன்றரை நிமிஷம் மூச்சு முட்ட மிதித்து 5 பேரைத் தாண்டலாம், 20 பேரைத் தாண்ட நினைக்காதே. நின்றுவிட்டால் உடனே இறங்கு, சைக்கிளைத் தோளில் போடு, பாதையோரம் கட்டியிருக்கிற டேப் ஓரமாக ஓடு. ஏறி உட்கார்ந்து கிளிப் மாட்டத் தடுமாறுகிறவர்களை ஓடியே நாலைந்து பேர் தாண்டலாம். ஷூ முனையில் இரண்டு ஆணியும் போட்டு வைத்திருக்கிறேன்.

பஞ்சர் ஆனால் சத்தம் கேட்கும் என்று காத்திருக்காதே, அந்தக் கூட்டத்தின் கூச்சலில் ஒன்றும் கேட்காது. முன் சக்கரம் வளைவில் கனத்துத் தள்ளுவதும், பின் சக்கரம் வாலாட்டுவதும்தான் அடையாளம். டயர் தரையைத் தொடுகிற பகுதியில் ஓட்டை என்றால் அதைக் கீழே வரும்படி திருப்பி வை, சீலன்ட் பத்து வினாடியில் அடைக்கப் பார்க்கும். அடைக்காவிட்டால் ஓட்டைக்குள் ரப்பர் பிளக் ஒன்று குத்து. அப்புறம் வால்வை மேலே கொண்டு வந்து, சிலிண்டரிலிருந்து காத்துக்குப் பதில் கேஸ் அடி. வால்வு கீழே இருந்தால் கேஸின் குளிர் நேராகச் சீலன்டில் பட்டு அதை உறைய வைத்துவிடும். 16 கிராம் சிலிண்டர் ஒன்று உனக்குப் போதும், ஆனால் இரண்டு வைத்துக்கொள். விமானத்தில் அனுமதி இல்லாமல் கொண்டு போக முடியாது, அங்கேயே வாங்கு. டயர் பக்கச்சுவர் கிழிந்திருந்தால் பிளக்கோடு மல்லுக்கட்டாதே. டெக் ஸோன் வரை ஓட்டு அல்லது ஓடு. பாதையில் திரும்பிப் பின்னோக்கி வரக் கூடாது, ஸோன் முன்னால் இருந்தால்தான் உண்டு. அங்கே ஃபிரேமைத் தவிர எதையும் மாற்றலாம், முழு சைக்கிளை மாற்ற முடியாது.

மாற்றுச் சக்கரத்தை முந்தின நாளே மாட்டிப் பார்க்கச் சொல். சக்கரத்தின் நடு ஹப் வேறு கம்பெனி என்றால் டிஸ்க் அரை மில்லிமீட்டர் தள்ளி நின்று பேடில் உரசும், கியரும் ஒரு பல் தள்ளிப் பேசும். பாரிஸ் ஒலிம்பிக்கில் டாம் பிட்காக் முன் சக்கரம் பஞ்சராகி அரை நிமிஷத்துக்கு மேல் இழந்து, சக்கரம் மாற்றி, திரும்ப வந்து தங்கம் ஜெயித்தார். மாட்டியவுடன் உரசாமல் ஓடுகிற சக்கரம் உனக்கும் வேண்டும்.

காலைச் சாப்பாடு பந்தயத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால். சோறும் முட்டையும் போதும், ரைஸ் குக்கர் பையில் இருக்கிறது. பாட்டிலில் 300 மில்லி மட்டும் நிரப்பச் சொல், அந்தக் குளிரில் அதற்கு மேல் குடிக்க மாட்டாய், சுமைதான். தண்ணீர் கொடுக்கிற ஃபீட் ஸோனில், கொடுக்கிறவர் பாட்டிலின் கழுத்தை விரல்நுனியால் பிடித்து நிற்க, நீ நடுவில் பிடித்து இழுக்க வேண்டும். காலிப் பாட்டிலை ஸோனுக்குள்ளேயே போடு.

அப்பா

பி.கு.: சளி பிடித்தால் அம்மா பெட்டியில் வைத்த இருமல் டானிக்கைத் தொடாதே. லேபிளில் டெர்பியூட்டலின் என்று இருக்கிறது, தடை செய்யப்பட்ட பட்டியலில் உள்ள மருந்து அது. நான் வெளியே எடுத்து வைத்தேன், அவள் திரும்பவும் உள்ளே வைத்துவிட்டாள். மேல் ஜிப்பில் பார்.