காவலூர் சாலையில் ரகுநாதாச்சாரிக்கு ஒரு புதையல் தேடல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய வட ஆர்க்காட்டுப் பள்ளிகள் மாணவர்களை ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்திற்கு அழைத்துச் செல்வது வழக்கம். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் கண்டு வியந்து திரும்பும் பிள்ளைகளுக்கு, அந்த வானாய்வகத்தை நிறுவிய வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் தெரிந்துவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வானியலாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியின் பெயரை யாரும் சொல்வதில்லை. காவலூரை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வேர், அவர் பணியாற்றிய பழைய சென்னை வானாய்வகத்தில்தான் இருக்கிறது.

ரெட்டிகுலம் (Reticulum) எனும் தென்வான விண்மீன் மண்டலத்தில் ஒரு விண்மீனின் ஒளி கூடிக் குறைவதை 1867-இல் கண்டறிந்தவர் அவர். 1872-இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளிக் கோள் சூரிய வட்டத்தைக் கடக்கவிருந்ததைப் பொதுமக்களுக்கு விளக்க, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் உரையாடல் வடிவில் நூல் வெளியிட்டார். நாள்தோறும் அவர் செய்த வேலையோ, ஒவ்வொரு விண்மீனும் உச்சிக்கோட்டை (தலைக்கு மேலே வடக்கு தெற்காகச் செல்லும் கற்பனைக் கோடு) கடக்கும் கணத்தைக் குறித்து, வானத்தில் அதன் இடத்தை எண்களாகப் பதிவு செய்வது.

எண்களைக் கொண்டு இடத்தைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்று இப்போது உலகெங்கும் நடக்கிறது. ஜிபிஎஸ் குறிப்புகளில் வேண்டுமென்றே சேர்த்து வந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியதும், ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியை மறைத்து வைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை வெளியிட்டார். ஜியோகேச்சிங் எனப்படும் அந்தத் தேடலை ரகுநாதாச்சாரியின் நினைவாக ஆலங்காயம்–காவலூர் சாலையோர ஊர்களில் நடத்தலாம் என்பதே என் யோசனை.

1867-இன் இலக்கங்களைக் கூட்டினால் 22, 1874-இன் இலக்கங்களைக் கூட்டினால் 20. இத்தகைய விடைகளிலிருந்து மறைத்து வைத்த பெட்டி இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையின் கடைசி எண்களை மாணவர்களே கணக்கிடட்டும். அவருடைய விண்மீன் காவலூரில் உச்சத்தில் நிற்கும்போதும் தெற்கு அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 14 பாகைக்கு மேல் எழாது என்பதால், தெற்கே குன்று மறைக்காத இடத்தைத் தேடும்படி ஒரு குறிப்பு தரலாம். இறுக மூடும் எவர்சில்வர் சம்படம், பெயரும் நாளும் எழுத ஒரு நோட்டு, மழைக்காலத்தில் மை கரைந்துவிடும் என்பதால் பேனாவுக்குப் பதில் பென்சில்: இவ்வளவுதான் செலவு.

சில எச்சரிக்கைகள் அவசியம். புதையல் என்ற பேச்சு பரவினால் நம் ஊரில் மண்வெட்டியோடு கிளம்புவோர் உண்டு. ஆகவே உள்ளே பொன்னும் பொருளும் இல்லை, எங்கும் தோண்டக் கூடாது என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள வேலூர்க் கோட்டையை இதில் சேர்க்கவே கூடாது. கேட்பாரற்ற பெட்டி ஒன்று அங்கே கிடந்தால் வெடிகுண்டு நிபுணர்கள்தான் முதலில் வருவார்கள். காப்புக்காட்டுக்குள்ளும் வேண்டாம். அரசுப் பள்ளி வளாகம், ஊராட்சி நூலகம் போன்ற இடங்களே போதும். விளக்கொளி வானாய்வுக்கு இடையூறு என்பதால் தேடல் மாலைக்குள் முடிந்துவிட வேண்டும்.

காவலூர் இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் இருப்பதால், அம்மாவட்டப் பள்ளிக் கல்வித் துறையினர் வானாய்வக நிர்வாகத்துடன் பேசி, வரும் டிசம்பர் 9 அன்று ஒரே ஒரு பெட்டியுடனாவது இதைத் தொடங்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
வேலூர்.