ரோச் லைற் முதலாளிமாருக்கு: எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம்?

யாழ்ப்பாணத்தில் மின்சாதனப் பொருள்களை மொத்தமாக இறக்கி விற்கும் முதலாளிமாருக்கு,

வணக்கம். திறப்புக் கோர்வையில் தொங்கவிடுகிற சின்ன எல்இடி ரோச் லைற்றுகளைப் பற்றி எழுதுகிறேன். அவை எங்கிருந்து வருகின்றன, பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கடந்த ஐப்பசி மழைக்குள் ஒரு விடியப்புறம் அம்மா பூ ஆயக் கிணற்றடிப் பக்கம் போயிருக்கிறார். நாலரை மணி இருக்கும். கரண்ட் இல்லை. கையில் இருந்தது பத்து நாளுக்கு முன்பு நான் 350 ரூபா கொடுத்து வாங்கிக்கொடுத்த லைற். பெட்டியில் '120 லூமன், 12 மணித்தியாலம்' என்று போட்டிருந்தது. லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு. கதவைத் திறந்தபோது வெளிச்சம் நன்றாகத்தான் இருந்ததாம். செவ்வரத்தை மரத்தடியில் நாலைந்து பூ ஆய்வதற்குள் மங்கிவிட்டது. அணைந்துபோகவில்லை, அதுதான் வினை. அணைந்திருந்தால் நின்ற இடத்திலேயே நின்று என்னைக் கூப்பிட்டிருப்பார். மங்கலாக எரிந்துகொண்டிருந்ததால் அதை நம்பி நடந்தார். கிணற்றுக்கட்டுப் பாசியில் கால் வழுக்கி, இடது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு வெடிப்பு. ஆறு கிழமை பிளாஸ்டர்.

நான் ஓடிப்போனபோது லைற் அவர் பக்கத்தில் ஈரத்தில் கிடந்தது. "உது எரியுதோ எண்டு பார்க்க இன்னொரு லைற் வேணும், மோனை" என்றார். வலிக்குள்ளும் அந்தப் பகிடி.

அம்மாவுக்கு 71 வயது. தேங்காய் துருவுவதை நான் பழகிக்கொண்டேன். தலைமுடிதான் முடியவில்லை. ஒற்றைக் கையால் அவருக்குக் கொண்டை போட வராது, எனக்கு இரண்டு கையாலும் வராது. பக்கத்து வீட்டு அக்கா வேலை முடித்து வரும்வரை விரித்த தலையோடு விறாந்தையில் இருப்பார். படலையடியில் ஆள் நடமாட்டம் கேட்டால் சேலைத் தலைப்பை எடுத்து மூடிக்கொள்வார். ஆறு கிழமையும் நான் இதைப் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன்.

லைற்றை வாங்கிய கடைக்குக் கொண்டுபோனேன். நின்ற பெடியன் பட்டனை அமத்திக் காட்டினான். பளிச்சென்று எரிந்தது. "எரியுதுதானே அண்ணை, பெட்டியிலயும் போட்டிருக்குத்தானே" என்றான். அவனைக் குறை சொல்லவில்லை. அவனுக்குக் கிடைத்ததும் நீங்கள் அனுப்பிய பெட்டிதான்.

நான் ரேடியோ திருத்துகிறவன். முப்பது வருஷத்துக்கு மேல் அதே வேலை. வீட்டுக்கு வந்து அந்த லைற்றைப் பிரித்தேன். உள்ளே இரண்டு சிஆர் 2016 வட்டப் பற்றரி ஒன்றின் மேல் ஒன்று. ஒவ்வொன்றும் 20 மில்லிமீற்றர் அகலம், 1.6 மில்லிமீற்றர் தடிப்பு, 3 வோல்ட். இரண்டும் சேர்ந்து 6 வோல்ட் நேரே எல்இடிக்குப் போகிறது. இடையில் ஒரு ரெசிஸ்ரர்கூட இல்லை. பற்றரிக்குள் இருக்கும் தடையே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அந்தப் பற்றரி ஒன்றின் கொள்ளளவு 90 மில்லி அம்பியர் மணி அளவில்தான், அதுவும் சொட்டுச் சொட்டாக எடுத்தால். இப்படிப்பட்ட பற்றரி களைத்த பிறகு சும்மா விட்டால் கொஞ்சம் தேறிக்கொள்ளும். அமத்தியவுடன் பளிச்சென்று எரியும், சில நிமிடத்தில் திரும்பவும் விழுந்துவிடும். கடை மேசையில் ஐந்து வினாடி எரிந்ததும், கிணற்றடியில் கைவிட்டதும் இந்தக் குணத்தால்தான்.

பிறகு விசர் பிடித்தவன்போல இன்னும் ஐந்து லைற் வாங்கினேன். இரவில் என் கடைக் கதவைச் சாத்தி, சுவரில் நாள்காட்டியை மாட்டி, மூன்றடி தள்ளி ஒவ்வொன்றாகக் கட்டிவைத்துப் பார்த்தேன். கணக்கு இதுதான்: ராகுகாலம் போட்டிருக்கும் சின்ன எழுத்து எவ்வளவு நேரம் வாசிக்க முடிகிறது, பெரிய திகதி எவ்வளவு நேரம் தெரிகிறது.

அம்மாவின் லைற் மாதிரியிலேயே புதிதாக வாங்கியது அரை மணித்தியாலத்தில் சின்ன எழுத்தைக் கைவிட்டது. ஒன்றரை மணித்தியாலத்தில் திகதியும் தட்டுத்தடுமாறித்தான் தெரிந்தது. நான் சாப்பிட்டுப் படுத்து, விடிய எழும்பிப் போய்ப் பார்த்தால் அது இன்னும் எரிகிறது! எல்இடிக்குள் கண்ணை வைத்துப் பார்த்தால் ஒரு பொட்டு. ஆக உங்கள் 12 மணித்தியாலம் பொய்யில்லை. எதையும் பார்க்க உதவாத பத்து மணித்தியாலத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

யூஎஸ்பியில் சார்ஜ் ஏற்றுகிற லைற் முதலில் கண்ணைக் கூசவைத்தது, ஒரு மணித்தியாலம் தாண்டவில்லை. வேறு இரண்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஐந்தாவது, ரிமோட்டுக்குப் போடுகிற ட்ரிபிள் ஏ பற்றரி ஒன்றில் எரிவது. தட்டில் கடைசி வரிசையில் தூசிக்குள் கிடந்தது. வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட் அளவில் வேண்டும், அந்தப் பற்றரி கொடுப்பதோ 1.5. அதனால் உள்ளே வோல்ட்டைக் கூட்டுகிற சின்ன சேர்க்கிற் ஒன்று வைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் எல்லாவற்றிலும் மங்கல் இதுதான். ஆனால் மற்றவை எல்லாம் படுத்த பிறகும் ராகுகாலத்தை இது வாசித்துக்கொண்டே இருந்தது. கடையில் இதை ஒருவரும் கேட்பதில்லையாம், பெட்டியில் பெரிய இலக்கம் இல்லை என்பதால்.

பெரிய இலக்கத்தைக் கொஞ்சம் பெருக்கிப் பார்ப்போம். நல்ல அல்கலைன் ட்ரிபிள் ஏ ஒன்றில் அதிகமாகப் பார்த்தால் ஒன்றரை வாட் மணி சக்தி இருக்கும். எல்இடி ஒரு வாட்டுக்கு 100 லூமன் தருகிறது என்று வையுங்கள். இடையில் போகும் நட்டத்தையும் கழித்தால், 10 லூமனில் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் எரியலாம். 100 லூமன் கேட்டால் ஒரு மணித்தியாலம் நின்றாலே பெரிய காரியம். 120 லூமனில் 12 மணித்தியாலம் என்றால் 1,440 லூமன் மணி. அதற்கு இதைப்போல பன்னிரண்டு, பதினாலு பற்றரி வேண்டும். அத்தனையையும் திறப்புக் கோர்வையில் தொங்கவிட்டால் காற்சட்டை இடுப்பில் நிற்காது.

இதற்கு வழியில்லாமலும் இல்லை. கைவிளக்குகளுக்கென்று அமெரிக்காவில் எஃப்எல் 1 என்ற தரநியமம் 2009 இலேயே வந்துவிட்டது. லைற்றை எரியவிட்டு 30 வினாடியில் இருக்கும் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை எவ்வளவு நேரமோ, அதுதான் அந்தக் கணக்கில் எரியும் நேரம். அதுகூட எனக்குப் போதாது. பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தில் பாசி தெரியாது. மாரியில் வெளியே வரும் புடையன் பாம்பும் தெரியாது. அதனால் நான் கேட்பது: எத்தனை லூமன், அந்த வெளிச்சம் பாதியாகும்வரை எத்தனை மணித்தியாலம். இரண்டு இலக்கத்தையும் ஒன்றாக, ஒரே இடத்தில் எழுதுங்கள். என்ன பற்றரி என்பதையும் சேர்த்து.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் ரோச் பற்றரியே இங்கு வரக்கூடாது என்று இருந்தது. ஜாம் போத்தலில் எண்ணெய் விட்டுத் திரி போட்டுப் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம், அந்த ரேடியோக்களில் எத்தனையை நான் திருத்தியிருப்பேன். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு இரவு ஓட்டினோம். அந்தச் சனத்துக்குத்தான் இப்போது அரை மணித்தியால வெளிச்சத்தை விற்கிறீர்கள். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது இந்த லைற்றுகளை எவ்வளவு விலைக்குக் கொடுத்தீர்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. 2025 மாசியில் பாணந்துறையில் ஒரு குரங்கு துணைமின்நிலையத்துக்குள் புகுந்ததால் நாடு முழுக்கக் கரண்ட் போனது. அந்தக் குரங்காவது 120 லூமன் என்று யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

லைற்றோடு நின்றாலும் பரவாயில்லை. 20,000 மில்லி அம்பியர் மணி என்று போட்ட பவர் பாங்க் ஒன்றைத் திருத்தத் தந்தார்கள், உடைத்தால் ஒரு பற்றரிச் சிலிண்டருக்குள் மணல். சோலார் தோட்ட விளக்குக்குள் விரல் நுனி அளவு பற்றரி. வட்டப் பற்றரி மூடியை நகத்தால் கிளப்பிவிடலாம். ஒரு குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும் என்று பெட்டியில் ஒரு வரி உண்டா?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவேண்டும். பாவனையாளரைத் தவறாக வழிநடத்தக்கூடாது என்று 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் சொல்வது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். முறைப்பாடு எழுத நான் இன்னும் பேனை எடுக்கவில்லை. முதலில் உங்களிடமே கேட்பதுதான் முறை என்று நினைத்தேன். இந்தச் சாமான்களைத் தயாரிப்பவர் நீங்களில்லை என்பதும் தெரியும். ஆனால் ஓடர் கொடுப்பவர் நீங்கள். பெட்டியில் என்ன அச்சடிக்கவேண்டும் என்று சொல்கிற வாய் உங்களிடம்தான் இருக்கிறது. அடுத்த ஓடரில் தயவுசெய்து சொல்லுங்கள்: எவ்வளவு வெளிச்சம், அது பாதியாகும்வரை எவ்வளவு நேரம். சின்ன இலக்கமாக இருந்தால் சின்னதாகவே இருக்கட்டும், நாங்கள் வாங்குவோம். அதுவரை கையிருப்பில் உள்ள பெட்டிகளில் அந்த 12 மணித்தியாலத்தின் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி மறைத்துவிடுங்கள்.

அம்மாவுக்கு இப்போது பிளாஸ்டர் வெட்டியாகிவிட்டது. தூசிக்குள் கிடந்த அந்த ஐந்தாவது லைற்றைத்தான் கொண்டு திரிகிறார். மற்ற நாலும், விழுந்த லைற்றும் ஒரு பிஸ்கற் பேணிக்குள் இருக்கின்றன. நீங்கள் எல்லாரும் கூடுகிற நாளைச் சொன்னால் பேணியோடும் நாள்காட்டியோடும் வருகிறேன். ஃபானைப் போட்டுவிட்டு லைற்றுகளை மட்டும் நிற்பாட்டுங்கள். ஒன்றரை மணித்தியாலம் இருட்டில் ஒன்றாக இருந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
ரேடியோ திருத்துகிறவன்,
கொக்குவில்