சேவலும் சில ஜனாதிபதிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மழைக்கு எங்கள் வீட்டு வெளிமதிலில் ஒரு பாகம் சுண்ணாம்பு உரிந்து விழுந்துவிட்டது. உரிந்த இடத்தில் ஒரு சேவல். கொண்டை மட்டும் இன்னும் சிவப்பாக இருக்கிறது, உடம்பு நீலம் மங்கிச் சாம்பலாகிவிட்டது, வால் இன்னும் சுண்ணாம்புக்கு உள்ளேதான் இருக்கிறது. தெருவில் போகிற இளவட்டங்கள் ஏதோ பழைய கோழிக்கடை விளம்பரம் என்று நினைத்துக்கொண்டார்கள். அது 1989 ஜனவரி சட்டமன்றத் தேர்தல் சேவல். எம்.ஜி.ஆர். மறைந்த பிறகு கட்சி இரண்டாகி, இரட்டை இலை முடக்கப்பட்டு, ஜெயலலிதா அணிக்குச் சேவலும் ஜானகி அம்மாள் அணிக்கு இரட்டைப் புறாவும் கிடைத்திருந்த நேரம். புறா எதிர்வீட்டு மதிலில் இருந்தது, அந்த வீடே இப்போது இல்லை, தூணும் நிலையும் கதவும் தனித்தனியாக விலை போய்விட்டன. (செட்டிநாட்டு வீடு என்றால் முட்டை வெள்ளைக்கரு பூசிய சுவர் என்று சுற்றுலா வருகிறவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதெல்லாம் உள்ளே. தெருப்பக்கம் வெறும் சுண்ணாம்புதான், கட்சிக்காரர்களுக்கு அது போதும்.)

அந்தத் தேர்தலில் எனக்கு ஓட்டு இல்லை. வயது பதினெட்டு முடிந்திருந்தது, ஆனால் அப்போது இருபத்தொன்று ஆனால்தான் ஓட்டு. கோலி சோடாவுக்கும் பரோட்டாவுக்கும் ஆசைப்பட்டு ராத்திரி முழுக்கச் சுண்ணாம்பு வாளி தூக்கினவன் நான், ஆனால் ஓட்டுச்சாவடிப் பக்கம் போகக் கூடாது. இரண்டே மாதத்தில், மார்ச் 1989-ல், அரசியல் சட்டத்தின் 61-வது திருத்தம் நடைமுறைக்கு வந்து வயது பதினெட்டாகிவிட்டது. அப்போது ஜனாதிபதி ஆர்.வெங்கட்ராமன். பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடத்துக்காரர், எங்கள் ஊரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே போய்விடலாம். அந்த வருடக் கடைசியில் நடந்த மக்களவைத் தேர்தலில் முதல் ஓட்டுப் போட்டேன். சீட்டில் முத்திரை குத்தி, மை அடுத்த சின்னத்தில் ஒட்டிவிடாமல் மடிக்கத் தெரியாமல் ஐந்து நிமிடம் மறைப்புக்குள் நின்றதும், வெளியிலிருந்து "என்னப்பா, பரீட்சையா எழுதுறே?" என்று யாரோ கேட்டதும் நன்றாக நினைவிருக்கிறது.

தேர்தல் வந்தால் எல்லாருக்கும் முதலமைச்சர்களும் பிரதமர்களும் நினைவுக்கு வருவார்கள். எனக்கு என்னமோ ஜனாதிபதிகள்தான் வருகிறார்கள். காரணம் எங்கள் வீட்டுப் பட்டாலை, அதாவது முன்கூடம். ரவிவர்மா லட்சுமிக்கும் பெல்ஜியம் கண்ணாடிக்கும் நடுவில் ராதாகிருஷ்ணன் படம் ஒன்று தொங்கும். 1953 ஜனவரியில் பொங்கல் சமயத்தில், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தைத் திறந்துவைக்க அவர் வந்திருந்தார், அப்போது துணை ஜனாதிபதி. அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டின இடம் அது. எங்கள் ஐயா வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். பேச்சில் என்ன சொன்னார் என்று கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியாது, தலைப்பாகை எவ்வளவு வெள்ளை என்பதை மட்டும் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். 1962-ல் அவர் ஜனாதிபதியானதும் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்களாம்.

1969 நான் பிறப்பதற்கு முந்தைய வருடம். ஆனாலும் அந்த ஜனாதிபதித் தேர்தலை நான் நேரில் பார்த்த மாதிரிதான், அவ்வளவு கேட்டிருக்கிறேன். பதவியில் இருந்த ஜாகிர் உசேன் மே மாதம் இறந்துவிட, காங்கிரஸ் நிறுத்தியவர் சஞ்சீவ ரெட்டி, இந்திரா காந்தியோ மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்றுவிட்டார், வி.வி.கிரி சுயேச்சையாக நின்றார். காமராஜர் ரெட்டி பக்கம், தி.மு.க. கிரி பக்கம். எங்கள் வளவிலேயே மூத்த பெரியப்பச்சி காமராஜர் ஆள், சின்னவர் கழகம், இரண்டு பேருக்கும் அந்தத் தேர்தலில் ஓட்டே கிடையாது (எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் மட்டும் போடுகிற ஓட்டு அது), ஆனால் பதினைந்து நாள் பேச்சுவார்த்தை இல்லை! முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை. இரண்டாவது விருப்ப ஓட்டையும் சேர்த்து எண்ணி, கிரிக்கு 4,20,077, ரெட்டிக்கு 4,05,427. தோற்ற ரெட்டி எட்டு வருடம் கழித்து, 1977-ல், போட்டியே இல்லாமல் ஜனாதிபதியானார்.

ஜெயில் சிங்கைப் பற்றி ஊரில் கேலி நிறைய. அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மட்டும் அவர் மேல் ஒரு மரியாதை, அதற்குக் காரணம் தபால். அப்பச்சி இளவயதில் பினாங்கில் செட்டியார்களின் வியாபாரக் கிட்டங்கியில் இருந்தவர். அங்கிருந்து வருகிற ஏர்மெயிலை அப்பத்தா கையில் கொடுத்தால் அவர் முதலில் பிரிக்க மாட்டார், திருப்பிப் பார்ப்பார், ஓரமெல்லாம் ஒட்டினபடியே இருக்கிறதா, யாராவது பிரித்துப் படித்துவிட்டு ஒட்டியிருக்கிறார்களா என்று விரலால் தடவுவார். அப்புறம்தான் கத்தரிக்கோல். 1986-ல், கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுக்கும் தபால் திருத்த மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறி ஜனாதிபதிக்குப் போனது. ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை, அப்படியே வைத்துக்கொண்டார். இத்தனை நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் கெடு இல்லை என்பதால் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. "சும்மா இருக்கிறதுக்கும் ஒரு தெம்பு வேணும்ல" என்பார் அப்பச்சி.

சும்மா இராமல் போட்ட கையெழுத்துகளையும் சொல்ல வேண்டும். 1975 ஜூன் 25 இரவு பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைக்குப் போட்டது ஒன்று, அது ஊர் உலகத்துக்கே தெரியும். 1991 ஜனவரி 30-ல் நம் வெங்கட்ராமன் போட்டது இன்னொன்று. ஆளுநர் பர்னாலா அறிக்கை அனுப்ப மறுத்தும் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. ஓட்டு வயதைக் குறைத்த காலத்து ஜனாதிபதி என்று நான் கொண்டாடிக்கொண்டிருந்தவர், அதே கையால் நாங்கள் ஓட்டுப் போட்டு வந்த ஆட்சியைக் கலைத்தார் (எனக்குத்தான் ஜனவரியில் ஓட்டு இல்லையே, வீட்டார் போட்டது என்று திருத்திக்கொள்கிறேன்). கலாமும் விதிவிலக்கு இல்லை. 2005 மே மாதம் பீகார் சட்டமன்றத்தைக் கலைக்க மாஸ்கோவில் இருந்தபடியே ஒப்புதல் கொடுத்தார், அந்தக் கலைப்பு அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் பின்னால் சொன்னது. கே.ஆர்.நாராயணன் 1997-ல் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கச் சொல்லி வந்த பரிந்துரையை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று திருப்பி அனுப்பினவர். என் கணக்கில் அவர்தான் ஒரு படி மேல், கலாமின் ரசிகர்கள் என்மேல் கோபப்பட்டாலும் சரி.

நாராயணனைப் பற்றி இன்னொன்று. 1998 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டுச்சாவடிக்குப் போய் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். அதற்கு முன்னால் பதவியில் இருந்த ஜனாதிபதி யாரும் பொதுத்தேர்தலில் ஓட்டுப் போட்டதில்லை. டிவியில் அந்தக் காட்சியைக் காட்டியபோது அப்பத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்: "நாட்டுக்கே பெரியவுக, வரிசையில நிக்கிறாக. இங்க இவனுக்கு என்ன கேடு?" இவன் என்றது, எங்கள் சாவடியில் காரை வாசல் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தி நேரே உள்ளே போய்விட்ட ஒரு உள்ளூர்ப் பெரிய மனிதரை. அவர் பெயர் வேண்டாம், பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்த நாராயணனை எதிர்த்து 1997-ல் நின்றவர் யார் தெரியுமோ? டி.என்.சேஷன். தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்து கட்சிகளையெல்லாம் கிடுகிடுக்க வைத்தவர், கட்சிகளின் சுவர் விளம்பரத்திலிருந்து எங்கள் மதிலுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தவர், 1996-ல் முதல் தடவையாக யாரும் எங்கள் சுவரைத் தொடவில்லை. நாராயணனுக்கு 9,56,290, சேஷனுக்கு 50,631. எந்த எம்.எல்.ஏ.வுக்கு அவரைப் பிடித்திருக்கும், சொல்லுங்கள்.

சரி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஒரு கட்சியின் ஒன்றியத்துக்காரர் ஏழெட்டுப் பேரோடு ஓட்டுக் கேட்டு வந்தார். திண்ணையில் உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "தம்பி, உங்க வேட்பாளர் ஜெயிச்சா அடுத்த வருசம் ஜனாதிபதி தேர்தல்ல யாருக்கு ஓட்டுப் போடுவாரு?" ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அண்ணே, அது டெல்லி விசயம்ல. இது நம்ம சட்டமன்றத் தேர்தல்" என்றார் அவர்.

டெல்லி விஷயம் இல்லை ஐயா! இப்போது நாம் அனுப்புகிற 234 பேர்தான், 2027 ஜூலையில் பதவிக்காலம் முடிகிற திரௌபதி முர்முவுக்கு அடுத்த ஜனாதிபதி யார் என்பதற்கும் ஓட்டுப் போடப் போகிறார்கள். 1971 மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டுக்கு மதிப்பு 176. 2022-ல் ஒரு எம்.பி.யின் ஓட்டுக்கே 700தான். எம்.பி.க்குப் பச்சைச் சீட்டு, எம்.எல்.ஏ.வுக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, ஊதா மைப் பேனா, அதைத் தேர்தல் ஆணையமே கொடுக்கும், சொந்தப் பேனா ஆகாது. சென்னையில் போட்ட ஓட்டுப் பெட்டி டெல்லிக்கு விமானத்தில் போகும், அதிகாரிக்குப் பக்கத்து இருக்கையில். 2022-ல் அந்தப் பெட்டிக்கே "மிஸ்டர் பேலட் பாக்ஸ்" என்று டிக்கெட் எடுத்தார்கள். எங்கள் ஊரில் ஒரு பஸ் கண்டக்டர் அரிசி மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்ததற்குப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது, இந்தப் பெட்டிக்கு ஜன்னலோர சீட்டா நடுச் சீட்டா என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

இதையெல்லாம் சொன்னதும் அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதெல்லாம் தலைமை சொல்றபடிதான்ணே" என்றார். நானும் விடவில்லை. அந்தத் தேர்தலில் கட்சிக் கொறடா உத்தரவு செல்லாது, ரகசிய ஓட்டு, யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்றேன். கூட வந்த பையன் ஒருவன், பத்தொன்பது இருபது வயது இருக்கும், "அப்ப நாங்க இப்ப போடுற ஓட்டு ரெண்டு தேர்தலுக்கா பெரியப்பா?" என்று கேட்டான். அவனுக்கு மட்டும் இன்னொரு டம்ளர் மோர் ஊற்றினேன்.

உங்கள் பத்திரிகையில் தினமும் வேட்பாளர் பேட்டி வருகிறது. சாலை, குடிநீர், கண்மாய் தூர்வாருவது, எல்லாம் கேட்கிறீர்கள், கேட்க வேண்டியதுதான். கூடவே இந்தக் கேள்வியையும் கேளுங்கள், எல்லாக் கட்சிக்காரரிடமும். யார் பெயர் என்று சொல்ல வேண்டாம், எப்படிப்பட்ட ஆள் அந்த இருக்கையில் உட்கார வேண்டும் என்று நினைக்கிறார் என்பதையாவது சொல்லட்டும். திருப்பி அனுப்புகிறவரா, அப்படியே கையெழுத்துப் போடுகிறவரா, ஜெயில் சிங் மாதிரி மேசை அறைக்குள் வைத்துப் பூட்டுகிறவரா?

சேவலைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். தேர்தல் நடத்தை விதி இருக்கிறது, சின்னம் வெளியில் தெரியக் கூடாது என்று ஒரு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். முப்பத்தேழு வருடத்துக்கு முந்தைய சின்னம், இப்போது அந்தக் கட்சிக்கே அது கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. சுண்ணாம்பு அடிக்க மனசு வரவில்லை, சாக்கைத் தொங்கவிட்டு மறைத்திருக்கிறேன், காற்றடித்தால் கொண்டை தெரிகிறது. ஒன்றியத்துக்காரர் வேட்பாளரிடம் கேட்டுச் சொல்வதாக என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். இன்னும் கூப்பிடவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்