அவுட்புட் டிரான்ஸ்பார்மர் குறித்து நண்பருக்கு ஒரு கடிதம்

கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். கண்புரை அறுவைக்குப் பிறகு மெல்லிய கம்பியும் சாலிடர் புள்ளியும் எனக்கு மறுபடி தெளிவாகத் தெரிகின்றன. ஆகையால் பரணில் கிடந்த வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயரின் சேசிஸை நானும் இறக்கி வைத்திருக்கிறேன். பணி ஓய்வுக்குப் பின் தாங்களும் வால்வுப் பக்கம் திரும்பியிருப்பது அறிந்து, பேச்சுத் துணை கிடைத்ததென்று மகிழ்ந்தேன்.

ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று செய்ய, பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் செய்த இஎல்84 வால்வுகள் நான்கும், எட்டு ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டும் கையில் இருக்கின்றன என்றும், வால்வின் உயர் வோல்ட்டை ஸ்பீக்கருக்கு ஏற்ற தாழ் வோல்ட்டாக மாற்றும் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் மட்டுமே தடை என்றும் எழுதியிருந்தீர்கள். பழைய ரேடியோவிலிருந்து கழற்றியதைப் பயன்படுத்தலாமா, சவுண்டு சர்வீஸ்காரர் தருவதாகச் சொன்ன லைன் டிரான்ஸ்பார்மர் ஆகுமா, புதிதாகச் சுற்றக் கொடுப்பதா, வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதா, எத்தனை வாட் கேட்டு வாங்குவது என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவை தாமாகவே அவிழ்ந்துவிடும்.

வாட் என்று மட்டும் சொன்னால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரைப் பற்றி எதுவும் சொன்னதாகாது. எவ்வளவு தாழ்ந்த ஹெர்ட்ஸ் வரை அந்த வாட்டைத் தாங்கும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வால்வுப் பக்கச் சுற்றான பிரைமரியின் குறுக்கே நிற்கும் வோல்ட்டை 4.44, ஹெர்ட்ஸ், சுற்றுகளின் எண்ணிக்கை, இரும்பின் குறுக்குப் பரப்பு ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுத்தால் இரும்பில் எழும் காந்தப்புல அடர்த்தி கிடைக்கும் என்பது நாம் பாலிடெக்னிக்கில் மனப்பாடம் செய்த சூத்திரம்தானே. 8000 ஓம் பிரைமரியில் 10 வாட் என்றால் 283 வோல்ட். சுற்று 3000, இரும்பு 6 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1000 ஹெர்ட்ஸில் அடர்த்தி 0.035 டெஸ்லாதான், இரும்பு தூங்கிக்கொண்டிருக்கும். 50 ஹெர்ட்ஸில் அது 0.7 ஆகிறது, 30 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 1.2 ஆகிறது. அதற்குக் கீழே போகப் போக இரும்பு நிறைவை நெருங்கி, இண்டக்டன்ஸ் (சுருளின் மின்தூண்டல் திறன்) சரிந்து, வால்வு தன் மின்னோட்டத்தையெல்லாம் டிரான்ஸ்பார்மரைக் காந்தமாக்குவதிலேயே செலவழிக்கத் தொடங்கும். ஸ்பீக்கரில் கரகரப்புதான் மிஞ்சும். இரும்பின் பரப்பைப் பாதியாக்கினால், 30 ஹெர்ட்ஸில் வர வேண்டிய இந்தத் தொல்லை 60 ஹெர்ட்ஸிலேயே வந்துவிடும். இரண்டு டிரான்ஸ்பார்மர்களின் மீதும் 10 வாட் என்று எழுதி ஒட்டலாம், இரண்டுமே பொய்யாகாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். இங்கே சட்டியில் இருக்க வேண்டியது இரும்பு.

அப்படியானால் தங்களுக்கு எவ்வளவு கீழே போக வேண்டும்? தாங்கள் கேட்பது பெரும்பாலும் கச்சேரிப் பதிவுகளும் எழுபது, எண்பதுகளின் திரைப்பாடல்களும். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகருக்கு மீட்டும் தம்புராவின் மந்தர ஸட்ஜம் 65 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். இளையராஜாவின் பாடல்களில் நாம் தேடிக் கேட்கும் பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். ஆகவே முழு வாட்டில் 40 ஹெர்ட்ஸ் கிடைத்தால் தங்கள் அலமாரியிலுள்ள எந்த ஒலிநாடாவுக்கும் குறை வராது. விளம்பரங்களில் மின்னும் 20 ஹெர்ட்ஸுக்காக இரண்டு மடங்கு இரும்புக்கும் செம்புக்கும் பணம் கொடுப்பது, எட்டு அங்குல ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு வீண் செலவு என்பது என் துணிபு.

இந்த அளவுகோலோடு ரேடியோ டிரான்ஸ்பார்மரைப் பாருங்கள். ஒற்றை இஎல்84, 250 வோல்ட்டில் 48 மில்லிஆம்பியர் இழுத்து, 5200 ஓம் சுமையில் ஐந்தரை வாட் அளவுக்குத் தரும். எட்டு ஓம் ஸ்பீக்கருக்குச் சுற்று விகிதம் 25.5, ரேடியோவிலிருந்து எடுத்தது இதற்கு அருகில் இருக்கக்கூடும். ஆனால் விகிதம் பொருந்துவது பாதிப் பொருத்தம்தான். வால்வின் உள்தடை 38 ஆயிரம் ஓம். அது 5200 ஓமுக்கு இணையாக நிற்கையில் 4600 ஓம் அளவாகிறது. 40 ஹெர்ட்ஸில் மூன்று டெசிபல் மட்டும் குறைய வேண்டுமென்றாலே பிரைமரியில் 18 ஹென்றி இண்டக்டன்ஸ் தேவை. ரேடியோக்களில் வந்த சிறிய டிரான்ஸ்பார்மர்களில் பெரும்பாலும் இதில் பாதிகூட இராது; 48 மில்லிஆம்பியர் டி.சி. ஒரே திசையில் ஓடுவதால் ஸ்டாம்பிங்குகளுக்கிடையே (அடுக்கும் இரும்புத் தகடுகளுக்கிடையே) காகிதம் வைத்து இடைவெளி விட்டிருப்பார்கள், அந்த இடைவெளியே இண்டக்டன்ஸைத் தின்றுவிடும். செய்தியும் மீடியம் வேவ் பாட்டும் கேட்க அது போதுமானதாகத்தான் இருந்தது. அதைக் கழற்றிய ரேடியோவிலேயே திரும்பப் பொருத்திவிடுங்கள். அந்தப் பெட்டியும் பிழைக்கும்.

லைன் டிரான்ஸ்பார்மர் யோசனை சுவையானது, கொஞ்சம் ஆபத்தானதும்கூட. கோயில் திருவிழாக்களில் தெருநீளத்துக்கும் ஹாரன் கட்டுவதற்கான 100 வோல்ட் லைன் டிரான்ஸ்பார்மரில் 5 வாட் முனை என்பது 2000 ஓம், 1.25 வாட் முனை என்பது 8000 ஓம். ஓம் நான்கு மடங்கானால் சுற்று இரண்டு மடங்கு. எனவே 5 வாட் முனை, 8000 ஓம் பிரைமரியின் மிகச் சரியான நடுமுனையாக அமைந்துவிடுகிறது. அங்கே ஹெச்.டி.யை (வால்வுக்கான உயர் வோல்ட் டி.சி.யை) கொடுத்து, இரு கோடிகளையும் இரண்டு வால்வுகளின் வெளியீட்டு முனைகளான பிளேட்டுகளுக்கு இழுத்தால், இரு வால்வுகள் எதிரெதிராக இயங்கும் புஷ்-புல் முறைக்கு டிரான்ஸ்பார்மர் தயார் என்று உலகெங்கும் செய்து பார்த்திருக்கிறார்கள், பாடவும் செய்யும். ஆனால் மேலே சொன்ன கணக்கை இதற்கும் போட்டுப் பாருங்கள். 5 வாட் முனையில் 100 வோல்ட் என்பது முழுப் பிரைமரிக்கு 200 வோல்ட்; அதன் மேல் 10 வாட்டுக்காக 283 வோல்ட்டை ஏற்றுகிறீர்கள். அந்த 5 வாட் முனையில் 100 வோல்ட்டை 60 ஹெர்ட்ஸ் வரை தாங்கிய இரும்பு, இப்போது 85 ஹெர்ட்ஸிலேயே கையை விரித்துவிடும். ஹாரனுக்கு அதற்குக் கீழே வேலை இல்லையாதலால் அங்கே யாரும் குறை சொல்லவில்லை. இதைவிட என்னை அச்சுறுத்துவது, 100 வோல்ட் ஏ.சி.யை எண்ணிப் போட்ட காகிதக் காப்பின் மேல் 300 வோல்ட் டி.சி.யும், உச்சத்தில் அதைப்போல் இரண்டு மடங்கும் நிற்கப்போவது. செகண்டரி தங்கள் கைக்கு எட்டும் ஸ்பீக்கர் முனை என்பதை மறவாதீர்கள். பேரப்பிள்ளைகள் நடமாடும் வீட்டில் இது வேண்டாம்.

ஆகவே புதிதாகச் சுற்றுவதுதான் வழி. ஒரு பக்கத்துக்கு ஒரு வால்வா, இரண்டா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை; கையில் நான்கு வால்வு இருக்கும்போது புஷ்-புல்லே செய்யுங்கள். இரு வால்வுகளின் டி.சி.யும் பிரைமரியில் எதிரெதிர்த் திசைகளில் ஓடிக் காந்தத்தை அழித்துக்கொள்வதால் இடைவெளி தேவையில்லை. அதே இரும்பில் பல மடங்கு இண்டக்டன்ஸ் கிடைக்கிறது. 250 வோல்ட், 8000 ஓம், இரண்டுக்கும் பொதுவாக 130 ஓம் கேத்தோடு ரெசிஸ்டர் என்றால் 11 வாட் வரும் என்று வால்வின் தரவுத்தாளே சொல்கிறது. 300 வோல்ட் கொடுத்தால் 17 வாட் வரும் என்றும் அது சொல்கிறது. பழைய வால்வுகளை அவ்வளவு விரட்ட எனக்கு மனமில்லை. ஒற்றை வால்வின் ஓசைக்கு ஒரு தனி இனிமை உண்டென்று சொல்வோருடன் நான் வாதாடுவதில்லை, ஆனால் அந்த இனிமைக்கு நல்ல டிரான்ஸ்பார்மர் இன்னும் பெரிதாக வேண்டும் என்பதை அவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

சுற்றுபவரிடம் கொடுக்க வேண்டிய விவரத்தை எழுதுகிறேன். ஸ்டாம்பிங் சிஆர்ஜிஓவாக (டிரான்ஸ்பார்மருக்கென்றே உருட்டிய சிலிக்கான் எஃகாக) இருக்கட்டும். தகட்டின் நடுநாக்கு அகலம் ஓர் அங்குலம், அடுக்கின் தடிமனும் ஓர் அங்குலம். பரப்பு நிகரமாக 6 சதுர சென்டிமீட்டர் வரும். பிரைமரி மொத்தம் 3000 சுற்று, 36 கேஜ் எனாமல் கம்பி, இதன் டி.சி. தடை 260 ஓம் சுற்றுவட்டாரத்தில் இருக்கும். விகிதம் 31.6 என்பதால் எட்டு ஓமுக்குச் செகண்டரி 95 சுற்று, 20 கேஜ். இதை ஒரே மூச்சில் சுற்றிவிடக் கூடாது. முதலில் பிரைமரியில் 750 சுற்று, அதன் மேல் செகண்டரியில் பாதி, பிறகு பிரைமரியில் 1500, மறுபடி செகண்டரியின் மீதி, கடைசியில் பிரைமரியின் எஞ்சிய 750. செகண்டரிப் பாதிகள் தொடராக இணையட்டும். இணையாக வைத்து ஒரு சுற்று பிசகினால் உள்ளுக்குள்ளேயே மின்னோட்டம் சுழன்று சுடும். நடுமுனை, நடுப்பகுதியின் 1500 சுற்றுக்குச் சரிபாதியில் வரும். அல்ட்ரா-லீனியர் முறைக்கான 43 சதவீத முனைகள் வேண்டுமென்றால், நடுமுனையிலிருந்து இருபுறமும் 645ஆவது சுற்றில் எடுக்கச் சொல்லுங்கள். அவையும் அந்த நடுப்பகுதிக்குள்ளேயே அடங்கிவிடுவது இந்த அமைப்பின் ஓர் அழகு. பிரிட்டிஷ் பொறியாளர் பிளம்லைன் 1937இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1951இல் அமெரிக்கர்கள் ஹேஃப்லரும் கெரோஸும் எழுதிய பிறகு பரவிய அந்த முறை, வால்வின் ஸ்கிரீன் என்ற முனைக்கும் பிளேட்டின் அசைவில் ஒரு பங்கைக் கொடுத்து வால்வின் உள்தடையைக் குறைத்துவிடுகிறது. கூடுதலாக இரண்டு கம்பிமுனைகள்தானே, எடுத்து வையுங்கள்.

மோட்டாரும் ஸ்டெபிலைசரும் சுற்றிப் பழகிய கைகள் இப்படிப் பிரித்துச் சுற்றுவதை விரும்பமாட்டா. 'எதற்கு சார் இத்தனை முனை?' என்று கேட்பார்கள். பிரைமரியும் செகண்டரியும் நெருங்கி ஒட்டியிருந்தால்தான் கசிவு இண்டக்டன்ஸ் குறைந்து, மேல் ஸ்தாயிச் சுரங்கள் மழுங்காமல் வரும் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். பிரிவுகள் மிகுந்தால் கெபாசிட்டன்ஸ் ஏறும் என்பதால் ஐந்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அடுக்கடுக்காகக் காகிதம் வைத்துச் சுற்ற வேண்டும், பிரைமரிக்கும் செகண்டரிக்கும் இடையே காப்பு தடிமனாக இருக்க வேண்டும், ஸ்டாம்பிங்குகளை ஒன்றுவிட்டு ஒன்று திருப்பி இடைவெளியின்றி அடுக்க வேண்டும், கடைசியில் வார்னிஷில் முக்கி உலர்த்த வேண்டும். இரண்டையும் ஒரே ஆளிடம், ஒரே நேரத்தில் சுற்றக் கொடுங்கள்.

கைக்கு வந்ததும் மூன்று சோதனைகள் போதும். பிரைமரிக்கு 12 வோல்ட் ஏ.சி. கொடுத்தால் செகண்டரியில் 0.38 வோல்ட் வர வேண்டும். இதையே தலைகீழாகச் செகண்டரிக்குக் கொடுத்துவிடாதீர்கள், மறுபுறம் 380 வோல்ட் எழும். அடுத்து, செகண்டரியைத் திறந்துவிட்டு, தனிப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் வழியாக பிரைமரிக்கு 50 ஹெர்ட்ஸில் 100 வோல்ட் கொடுத்து மின்னோட்டத்தை அளந்து பாருங்கள், 6.4 மில்லிஆம்பியர் என்றால் 50 ஹென்றி. நமக்கு 30 இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம், 60 இருந்தால் நிம்மதி. இண்டக்டன்ஸை அளக்கும் சின்ன எல்சிஆர் மீட்டர் 1000 ஹெர்ட்ஸில் காட்டும் எண்ணை இதற்கு நம்ப வேண்டாம். செகண்டரியை ஷார்ட் செய்துவிட்டுக் கசிவு இண்டக்டன்ஸை அளக்க மட்டும் அந்த மீட்டர் சரியானது.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கனடாவின் ஹாமண்ட் 1608 நம் தேவைக்கே அளவெடுத்ததுபோல் 8000 ஓம், 10 வாட். நல்ல பொருள்தான், ஆனால் இரும்புக்குத் தபால் செலவும் சுங்கமும் கட்டுவதை நினைத்தால் இங்கே சுற்றுவதில்தான் எனக்கு விருப்பம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அடக்கம் வேண்டும். 1947இல் பிரிட்டிஷ் பொறியாளர் வில்லியம்சன், கேடி66 வால்வுகளைக் கொண்டு செய்த புகழ்பெற்ற ஆம்ப்ளிஃபயரில் டிரான்ஸ்பார்மரையும் உட்படுத்தி 20 டெசிபல் பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே செலுத்திப் பிழையைக் குறைப்பது) கொடுத்தார். அதற்கு ஈடுகொடுக்கவே அந்த டிரான்ஸ்பார்மர் அத்தனை நுட்பமாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்தது. வால்வு நிறுவனமான முல்லார்டின் ஐந்து வால்வு, பத்து வாட் சுற்றிலும் பின்னூட்டம் தாராளம். உள்ளூரில் சுற்றிய டிரான்ஸ்பார்மரின் மேல் அந்த வரைபடத்தை அப்படியே ஏற்றினால், கேட்காத உயரத்தில் ஊசலாடத் தொடங்கி, ஸ்பீக்கரின் சுருள் காரணமின்றிச் சூடேறும். 10 டெசிபலோடு நின்றுகொள்ளுங்கள். முதன்முறை இணைக்கும்போது கீச்சென்று ஊளையிட்டால் பிளேட்டுகளுக்குப் போகும் இரு கம்பிகளையும் (அல்ட்ரா-லீனியர் முனைகளை இணைத்திருந்தால் அவற்றையும் சேர்த்து) இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

ஸ்பீக்கர் இல்லாமல் சிக்னல் கொடுக்கவே கூடாது. சுமையற்ற பிரைமரியில் எழும் வோல்ட், காப்பைத் துளைத்துவிடும். ஸ்பீக்கர் முனைகளுக்கு இணையாக 220 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். ஹெச்.டி. கெபாசிட்டர்களுக்கு வடிகால் ரெசிஸ்டரும் மறவாதீர்கள், சுவிட்சை அணைத்த பிறகும் அவை கடிக்கும்.

சுற்றுபவரிடம் கொடுக்கும் முன் தாங்கள் வரையும் தாளை எனக்கு ஒருமுறை அனுப்புங்கள். முனைகளின் வரிசையை மட்டும் சரிபார்த்துத் திருப்பி அனுப்புகிறேன். அங்கே சிஆர்ஜிஓ ஸ்டாம்பிங் கிடைக்கவில்லையென்றால் சொல்லுங்கள். என் சேசிஸுக்காக இங்கே வாங்கும்போது தங்களுக்கும் சேர்த்தே வாங்கி, பார்சல் லாரியில் போட்டுவிடுகிறேன். வீட்டில் அனைவருக்கும் என் வணக்கத்தைத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பழைய நண்பன்