ரிவர் கஃபேல ஒரு மத்தியானம்

அடியே ரூம்மேட்,

உன் லெட்டர் கிடைச்சுதுடி. ஆபீஸ் கேன்டீன் கான்ட்ராக்ட் எடுக்கலாமா வேணாமான்னு ஒரு மாசமா மண்டைய போட்டு குழப்பிட்டு இருக்க, 48 வயசுல இதெல்லாம் தேவையான்னு வீட்ல வேற கேக்குறாங்கன்னு எழுதியிருந்த. படிச்சதுல இருந்து உனக்கு ஒன்னு சொல்லியே ஆகணும்னு இருக்கேன்.

போன வாரம் பையன் முதல் போனஸ் வாங்கினான், அந்த காசுல என்னைய ரிவர் கஃபேக்கு கூட்டிட்டு போனான். லண்டன்ல ஹாமர்ஸ்மித் பக்கம் தேம்ஸ் ஆத்தங்கரைல இருக்கு, இத்தாலி சாப்பாடு, நல்ல ரெஸ்டாரன்ட்டுங்களுக்கு தர்ற மிச்செலின் ஸ்டார் வாங்கின இடம், விலைய பாத்ததும் எனக்கு பகீர்னுச்சு. ஆனா அது ஆரம்பிச்சதே ஒரு ஆபீஸ் கேன்டீனாத்தான்டி! பாரிஸ்ல பாம்பிடூ சென்டர்ங்கிற கலை மையத்த டிசைன் பண்ண ஆர்க்கிடெக்ட்டுங்கள்ல ஒருத்தரான ரிச்சர்ட் ரோஜர்ஸ், ஆத்தங்கரைல இருந்த பழைய ஆயில் கிடங்குகளை வாங்கி தன் ஆபீஸ அங்க மாத்தினாரு, அங்க வேலை பாக்குறவங்க மத்தியானம் சாப்பிட ஒரு இடம் வேணும்னு 1987ல அவர் மனைவி ரூத் ரோஜர்ஸும் ரோஸ் கிரேவும் சேர்ந்து தொடங்கினாங்க. அப்போ ரோஸுக்கு என்ன வயசு தெரியுமா, சரியா 48.

ரெண்டு பேரும் கேட்டரிங் படிச்சவங்க இல்ல. ரோஸ் குடும்பத்தோட கொஞ்ச வருஷம் இத்தாலில இருந்து அங்க வீடுகள்ல சமைக்கிறத பாத்து பழகினவங்க, ரூத்துக்கு கைப்பக்குவம் வந்தது இத்தாலிக்கார மாமியார்கிட்ட இருந்து. முதல்ல அந்த வளாகத்துல வேலை பாக்குறவங்களுக்கு மட்டும்தான், அதுவும் மத்தியானம் மட்டும்தான் போடணும்னு லைசென்ஸ்ல கட்டுப்பாடு. வெளியாளுங்க, ராத்திரி சாப்பாடு எல்லாம் அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வந்ததுதான். இன்னைக்கும் ராத்திரி 11 மணிக்குள்ள எல்லாரும் கிளம்பிடணும்.

நான் ரிபொல்லீட்டா சாப்பிட்டேன். பழைய ரொட்டி, வெள்ளை பீன்ஸ், கவோலோ நேரோன்னு ஒரு கருப்புக் கீரை, எல்லாத்தையும் கெட்டியா கொதிக்க விட்டு மேல ஆலிவ் ஆயில் தாராளமா ஊத்தி தர்றாங்க, அவ்வளவுதான். இத்தாலில டஸ்கனி பக்கம் ஏழைங்க மீந்த ரொட்டிய வீணாக்காம செஞ்ச சாப்பாடு. அந்தக் கீரை அப்போ இங்க கிடைக்காதாம், ரோஸ் இத்தாலில இருந்து விதை கொண்டு வந்து இங்க பயிர் பண்ண வச்சிருக்காங்க. மெனுவ மத்தியானத்துக்கு ஒன்னு ராத்திரிக்கு ஒன்னுன்னு தினமும் புதுசா எழுதுறாங்க, பரிமாறுறவங்களும் முன்னாடியே வந்து சமையல்கட்டு வேலைக்கு கை கொடுக்கிறாங்க.

டிவில சமையல் ஷோ பண்ற ஜேமி ஆலிவர் அங்க வேலை பாத்தவர்தான், 1997ல டிவிக்காரங்க அந்த கிச்சன படம் எடுத்தப்பதான் அவர் மூஞ்சி வெளிய தெரிஞ்சுது. நியூயார்க்ல பேர் வாங்கின செஃப் ஏப்ரல் புளூம்ஃபீல்டும் அங்க இருந்து போனவங்கதான். 2008ல கஃபே தீப்பிடிச்சு பல மாசம் மூடிக் கிடந்துச்சு, திறந்து ரெண்டு வருஷம் கூட ஆகல, 2010ல ரோஸ் கேன்சர்ல போயிட்டாங்க. அத படிச்சப்ப என்னமோ சொந்தத்துல ஒருத்தர் போன மாதிரி இருந்துச்சுடி. ரூத் விடாம நடத்திட்டு வந்திருக்காங்க.

நீ கான்ட்ராக்ட் பேப்பர்ல ஒன்னு மட்டும் பாரு, மெனுவ முடிவு பண்றது யாருன்னு. மாசம் பூரா ஒரே மெனுன்னு போட்டிருந்தா ஒத்துக்காத, காலைல மார்க்கெட்டுக்கு போய் பாத்துட்டு அன்னைக்கு மெனுவ நீயே எழுதுற மாதிரி கேளு. என்ன சொன்னாங்கன்னு உடனே எழுதுடி.

உன்
பழைய ரூம்மேட்