வட கொழும்பில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

முகத்துவாரம், மட்டக்குளி, ஜிந்துப்பிட்டி பகுதிகளில் நாய், பூனை வளர்க்கும் ஏழைக் குடும்பங்களுக்கு இந்த ஆண்டு துணை நின்ற உங்கள் அனைவருக்கும் எங்கள் தன்னார்வக் குழுவின் சார்பில் இதை எழுதுகிறேன்.

"சாப்பாட்டுக்கே வழியில்லாதவர்களுக்கு நாய் எதற்கு?" என்று உதவி கேட்டுப் போன இடங்களில் சிலர் கேட்டார்கள். நீங்கள் கேட்கவில்லை. முதல் நன்றி அதற்கு. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கி நின்ற நாட்களிலும், நாட்கூலிக்குப் போகிறவர்கள் தங்கள் சோற்றில் ஒரு பிடி ஒதுக்கி வாசலில் கிடந்த நாய்க்கு வைத்ததைக் கண்டவர்கள் நாங்கள். வளர்த்த பிராணி தெருவுக்கு வருவது, அது நோயில் விழுந்த அன்றோ குட்டி போட்ட வாரத்திலோ வீட்டில் காசில்லாமல் போவதால்தான். அந்த ஒரு வாரத்தைத் தாண்டிவிட்டால் அது வீட்டிலேயே இருந்துவிடும். நீங்கள் தந்த பணம் முழுவதும் அப்படிப்பட்ட வாரங்களுக்கே செலவானது.

மிருக வைத்தியர்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! இடியப்பம் அவித்து விற்கும் ஓர் அம்மாவின் நாய்க்குக் கருப்பையில் சீழ் கட்டிவிட்டது. கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு வருகிற இந்த நோயில் தாமதித்தால் உயிர் போய்விடும். முந்தானையில் முடிந்த சில்லறை நோட்டுகளோடு இரவில் வந்து நின்றவரிடம், "காசைப் பிறகு பார்ப்போம் அம்மா, நாயை மேசையில் தூக்கி வையுங்கள்" என்றீர்கள். நாய் பிழைத்துக்கொண்டது. மறுவாரம் அவர் கொண்டுவந்த இடியப்பத்தையும் சொதியையும் மறுக்காமல் வாங்கிச் சாப்பிட்டீர்களே, அதற்கும் சேர்த்து நன்றி. அதன் பிறகு அந்த அம்மா குடியிருக்கும் பகுதிப் பெண்கள் தாங்களாகவே தங்கள் நாய்களைக் கருத்தடைக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள்.

விசர்நாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியை அரசாங்கம் நாய்களுக்கு இலவசமாகவே போடுகிறது. ஆனால் வேலை நாளில் முகாம் வைத்தால், மூட்டை சுமக்கிறவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். அவருக்கு அது இலவசம் ஆகாது. இதைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் ஞாயிற்றுக்கிழமை வந்து ஊசி போட்ட சுகாதார ஊழியர்களை நாங்கள் மறக்கமாட்டோம். ஊசிமருந்தின் குளிர் கெடாமல் இருக்க ஐஸ் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே படியேறினார்கள். தொடர்மாடியில் அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை.

நாய் என்றாலே கைகாட்டி மறுக்கும் முச்சக்கர வண்டிகளுக்கு நடுவில், இருக்கையில் சாக்கு விரித்து ஏற்றிச்சென்ற சாரதித் தம்பிமாருக்கு நன்றி. மீன் தலைகளையும் வெட்டுத்துண்டுகளையும் தனியாக எடுத்துவைத்த சந்தை வியாபாரிகளுக்கும், குறுணல் அரிசியை அடக்க விலைக்குத் தந்த கடை முதலாளிக்கும் நன்றி. மருந்தை எந்த வேளை, எவ்வளவு கொடுப்பது என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் தமிழிலும் சிங்களத்திலும் கையால் எழுதிக்கொடுத்த பல்கலைக்கழகப் பிள்ளைகளே, தையல் பிரியாமல் ஆறிய காயங்களில் உங்கள் பங்கு பெரிது.

தொடர்மாடிக் குடியிருப்பாளர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பலகை வீடுகளிலிருந்து மாறிவந்த குடும்பங்கள் தங்கள் நாய்களையும் கூட்டிவந்தபோது முணுமுணுப்பு எழுந்தது உண்மை. சிறு பிள்ளைகள் நடமாடும் ஒடுங்கிய நடைபாதையில் அந்தப் பயம் நியாயமானதும்கூட. கழுத்துப்பட்டியும் ஊசி அட்டையும் இருந்தால் சரி, நடைபாதையை வளர்ப்பவரே கழுவ வேண்டும் என்று கூடிப் பேசி இணங்கினீர்கள். அந்த இணக்கத்தால் ஒரு நாய்கூட வீடிழக்கவில்லை.

பூனைக் கூடைகளும் சங்கிலிகளும் இரவல் தந்தவர்களுக்கு ஓர் அறிவித்தல்: எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்திருக்கிறோம். ஞாயிறு காலையில் வந்து பெற்றுக்கொள்ளலாம். அடுத்த முகாம்வரை எங்களிடமே இருக்கட்டும் என்றால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

நன்றியுடன்,
குழுவினர் சார்பில்